துளைக்குள் இயற்கைக் காமா பதிவு எடுக்கும் முறை

ஆழ்துளை போடும்போது வெளியே வந்து விழும் கல்தூளையும் மண்துண்டுகளையும் மட்டும் நம்பி அடுக்குகளின் எல்லையைக் குறிக்கக் கூடாது. அவை துளையின் அடியிலிருந்து மேலே வந்து சேர நேரம் பிடிக்கிறது. வழியில் மேலடுக்குத் துண்டுகளோடு கலந்துவிடுகின்றன. மென்மையான களிமண்ணோ தண்ணீரில் கரைந்து காணாமலே போய்விடுகிறது. துளை போடுபவரின் குறிப்பேட்டில் "30 முதல் 42 மீட்டர் வரை மணல்" என்று இருக்கும். அந்த மணலுக்கு நடுவே ஒரு மீட்டர் தடிப்பில் களிமண் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. தண்ணீரை உள்ளே விடும் துளைகளுள்ள வடிகுழாயை எந்த ஆழத்தில் வைப்பது என்று தீர்மானிப்பவருக்கு அந்த ஒரு மீட்டர் மிக முக்கியம். துளை முடிந்ததும் காமா பதிவு, அதாவது பாறையிலிருந்து வரும் காமா கதிரை ஆழவாரியாக எண்ணிய கோடு, எடுக்காமல் குழாய் இறக்க வேண்டாம் என்று நான் விடாமல் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

குழாய் இறக்கிய பிறகும் எடுக்க முடியும் என்பது இந்த முறையின் பெரிய வலிமை. இதோடு ஒப்பிட, பாறையின் மின்தடையை அளக்கும் மின்தடைப் பதிவு இன்னொரு முறை; 1927இல் பிரான்சின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில் அது முதன்முதலாக எடுக்கப்பட்டது. மின்தடைப் பதிவுக்குத் துளை குழாயின்றித் திறந்திருக்க வேண்டும். உள்ளே தண்ணீரோ சேற்றுக் கரைசலோ நிறைந்திருக்க வேண்டும். காமா கதிர் எஃகையும் பிளாஸ்டிக்கையும் காற்றையும் தாண்டி வருகிறது. ஆகவே பழைய துளை, வறண்ட துளை, குழாய் போட்ட துளை, எதிலும் எடுக்கலாம். கருவிக்குள் கதிரியக்க மூலம் எதுவும் கிடையாது. அடர்த்திப் பதிவுக் கருவியில் சீசியம்-137 இருக்கிறது. அது துளைக்குள் சிக்கிக்கொண்டால் பெரும் சிக்கல். காமா கருவி பாறையிலிருந்து தானாக வரும் கதிரை எண்ணுகிறது, அவ்வளவே.

எதை அளக்கிறோம்

பாறைகளில் இயல்பாகக் காமா கதிர் தருபவை மூன்று: பொட்டாசியம்-40, யுரேனியம்-238 தொடர், தோரியம்-232 தொடர். இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40இன் பங்கு 0.0117 சதவீதம் மட்டுமே. ஆனால் பூமியின் மேலோட்டில் பொட்டாசியம் ஏராளமாக இருப்பதால் அந்தச் சிறு பங்கே போதுமானதாகிறது. ஒரு கிராம் பொட்டாசியத்திலிருந்து நொடிக்கு மூன்றுக்குச் சற்று அதிகமான காமா கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றின் ஆற்றல் 1.46 மெகா எலக்ட்ரான் வோல்ட். யுரேனியமும் தோரியமும் நேரடியாகத் தரும் காமா மிகக் குறைவு. அவை சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல்கள், குறிப்பாக பிஸ்மத்-214உம் தாலியம்-208உம், வலுவான கதிர்களை வீசுகின்றன.

இல்லைட் போன்ற களிமண் கனிமங்களின் கட்டமைப்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது. தோரியமும் யுரேனியமும் களிமண் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சுத்தமான குவார்ட்ஸ் மணலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இந்த மூன்றுமே குறைவு. ஆகவே படிவுப் பாறைகளில் காமா உயர்ந்தால் களி, தாழ்ந்தால் மணல் அல்லது சுண்ணாம்புக்கல் என்ற பொதுவிதி பிறந்தது. இது நல்ல விதிதான். எங்கெங்கே உடைகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

கேபிளில் கட்டித் துளைக்குள் இறக்கும் கருவியான புரோப்புக்குள் தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம் ஒன்று இருக்கும். 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் அறிமுகப்படுத்திய இந்தப் படிகத்தில் காமா கதிர் பட்டால் மெல்லிய ஒளி மின்னும். பின்னால் இருக்கும் ஒளிமின்பெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதே நம் அளவீடு. பழைய கருவிகளில் கைகர் குழாய் இருந்தது. தன்னைக் கடக்கும் காமா கதிர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டைத்தான் அது பிடிக்கும். படிகம் அதைவிடப் பலமடங்கு திறமையானது, ஆனால் நொய்மையானது. ஈரம் பட்டால் கெட்டுவிடும், திடீர் வெப்பமாற்றத்தில் வெடித்துவிடும். வெயிலில் கிடந்து சூடேறிய புரோப்பை நேராகக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்காதீர்கள். நிழலில் வையுங்கள், துளைக்குள் இறக்கியதும் சற்று நேரம் அப்படியே நிற்க விடுங்கள். மின்சுற்று நிலைப்படவும் அந்த நேரம் உதவும்.

ஆழம்தான் முதல் வேலை

புதிதாக வருபவர்கள் எண்ணிக்கை வீதத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் ஆழத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். காமா மதிப்பு பத்து சதவீதம் பிசகினாலும் களி களியாகவே தெரியும். ஆழம் ஒரு மீட்டர் பிசகினால் வடிகுழாய் களிக்கு எதிரே போய் நிற்கும்.

ஆழத்தை அளப்பது கேபிள் ஓடும் கப்பிச் சக்கரம். சக்கரம் சுழலும்போது அதனோடு இணைந்த என்கோடர் சுற்றுகளை எண்ணி மீட்டராக மாற்றுகிறது. சக்கரத்தின் சுற்றளவு அரை மீட்டர் என்றால் ஆரம் ஏறக்குறைய 80 மில்லிமீட்டர். சேற்றுக் கரைசல் நிறைந்த துளையிலிருந்து கேபிள் மேலேறும்போது ஈரக் களிமண்ணைச் சுமந்துவருகிறது. அது சக்கரத்தின் பள்ளத்தில் படிகிறது. முதலில் மெல்லிய பூச்சாகத் தெரியும், பிறகு கேபிளின் அழுத்தத்தில் இறுகி வழவழப்பான வளையமாகிவிடும். அந்த வளையம் 1 மில்லிமீட்டர் தடித்தால் ஆரம் 81 ஆகிறது, சக்கரம் குறைவாகச் சுழல்கிறது. 100 மீட்டர் கேபிள் ஓடியிருந்தால் கருவி 98.8 மீட்டர் என்றுதான் காட்டும். ஒரு மீட்டருக்கு மேல் பிழை, ஒரு மில்லிமீட்டர் சேற்றால்! ஆகவே கேபிள் துளைவாயை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒருவர் ஈரத்துணியோடு நின்று துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் கேபிளைக் கையால் சுற்றிப் பிடிக்காமல், துணியை ஒரு பக்கமாக அழுத்தி வைத்தால் போதும். சக்கரத்தின் பள்ளத்தை அவ்வப்போது நிறுத்திப் பாருங்கள்.

பணிக்குக் கிளம்புமுன் சமதரையில் 20 மீட்டர் கேபிளை இழுத்து நாடாவால் அளந்து, கருவி காட்டும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத குழுவின் பதிவை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

அடுத்தது பூஜ்யம் வைப்பது. இங்கே கணக்கு எளிது, ஆனால் அவசரத்தில் பிசகும். அளவீடு நடக்கும் இடம் படிகத்தின் நடுப்புள்ளி. கேபிள் இணையும் இடமும் புரோப்பின் நுனியும் அதிலிருந்து தள்ளி இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: கேபிள் இணைப்பிலிருந்து படிகத்தின் நடுவரை 0.92 மீட்டர். துளையின் சுவரைத் தாங்க இறக்கும் கேசிங் குழாயின் விளிம்பு தரைக்கு மேல் 0.45 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இணைப்பை விளிம்புக்கு நேராகப் பிடித்து நிறுத்தினால் படிகம் தரைக்குக் கீழே 0.92 கழித்தல் 0.45, அதாவது 0.47 மீட்டரில் இருக்கிறது. கருவியில் 0.47 என்று வையுங்கள். இனி எல்லா ஆழமும் தரைமட்டத்திலிருந்து. தரைமட்டமா, குழாய் விளிம்பா, துளைப்பொறியின் மேடையா, எதிலிருந்து அளக்கிறீர்கள் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒரே துளையில் துளை போட்டவர் மேடையிலிருந்தும், பதிவு எடுத்தவர் தரையிலிருந்தும், குழாய் இறக்கியவர் விளிம்பிலிருந்தும் அளந்து மூன்று கணக்கு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூவரும் தத்தம் அளவில் சரி. சேர்த்துப் பார்த்தால் எந்த அடுக்கும் பொருந்தாது.

ஓட்டம் முடிந்து புரோப் மேலே வந்ததும் அதே இணைப்பை அதே விளிம்புக்கு நிறுத்திப் பாருங்கள். 0.47 திரும்பி வர வேண்டும். 100 மீட்டர் துளைக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுகிறேன். வித்தியாசம் எவ்வளவு என்பதை, அது சிறியதாக இருந்தாலும், எழுதிவைக்கிறேன்.

இறக்குவதும் ஏற்றுவதும்

விலையுள்ள புரோப்பை அனுப்புமுன் அதே நீளமும் தடிப்பும் உள்ள வெற்று எஃகுக் குழலை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். துளை எங்கே குறுகியிருக்கிறது, எங்கே இடிந்திருக்கிறது, அடியில் எவ்வளவு மண் தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சிக்கினால், கேபிளைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை வைத்துப் பலமாக இழுக்காதீர்கள். கேபிளைச் சற்றுத் தளர்த்தி, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள்.

கீழே போகும்போதும் பதிவு செய்யுங்கள். ஆனால் இறுதிப் பதிவாக மேலே வரும் ஓட்டத்தையே கொள்ளுங்கள். இறங்கும்போது புரோப் ஏதாவது ஒரு திட்டில் தங்கிவிட்டால் கேபிள் தளர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆழம் கூடுவதாகக் கருவி காட்டும், புரோப்போ அதே இடத்தில் நிற்கும். பதிவில் அந்த நீளம் முழுவதும் சிறு நடுக்கத்தோடு ஒரே மட்டத்தில் ஓடும் கோடாகத் தெரியும். சீரான தடித்த அடுக்கு என்று அதைப் படித்துவிட வாய்ப்பு உண்டு. மேலேறும்போது கேபிள் எப்போதும் இறுக்கமாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அடியில் இருக்கும்போதே பதிவைத் தொடங்கிவிட்டுப் பிறகு வின்ச்சை இயக்குங்கள். தளர்ந்த கேபிள் இறுகி, புரோப் நகரத் தொடங்கும் கணம் பதிவிலேயே விழும்.

வேகம்

கதிரியக்கச் சிதைவு தற்செயலானது. ஒரே பாறைக்கு எதிரே அசையாமல் நின்று எண்ணினாலும் ஒவ்வொரு நொடியும் வேறு எண் வரும். எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 100 எண்ணினால் 10, அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் 100, அதாவது 1 சதவீதம். இந்த ஒரே ஒரு கணக்கை வைத்து வேகத்தை முடிவு செய்யலாம்.

சிறு விட்டமுள்ள ஒரு கருவி களிக்கு எதிரே நொடிக்கு 40, மணலுக்கு எதிரே 12 எண்ணுகிறது என்று கொள்வோம். 10 சென்டிமீட்டருக்கு ஒரு மதிப்பு பதிவாகிறது. நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏற்றினால் ஒவ்வொரு 10 சென்டிமீட்டரிலும் 2 நொடி கிடைக்கிறது. களியில் 80 எண்ணிக்கை, ஏற்ற இறக்கம் 9, அதாவது 11 சதவீதம். மணலில் 24 எண்ணிக்கை, ஏற்ற இறக்கம் 5, அதாவது 20 சதவீதம். களியும் மணலும் தெளிவாகப் பிரிகின்றன. வேகத்தை 6 மீட்டராக்கினால் மணலில் 12 எண்ணிக்கை, ஏற்ற இறக்கம் 29 சதவீதம். சுத்தமான மணலையும் சற்றே களி கலந்த மணலையும் பிரிக்க இனி முடியாது. நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று குறைத்தால் களியில் 8 சதவீதம், மணலில் 14. நேரம் இரட்டிப்பாகிறது, ஏற்ற இறக்கம் பாதியாவதில்லை. சுமார் 30 சதவீதம்தான் குறைகிறது. வேகத்தைக் குறைப்பதில் ஓர் எல்லைக்கு மேல் பெரிய ஆதாயம் இல்லாததற்கு இதுவே காரணம். சிறு கருவிக்கு நிமிடத்துக்கு 2 முதல் 3 மீட்டர் என்பது என் வழக்கம். பெரிய படிகம் என்றால் இன்னும் வேகமாகப் போகலாம்.

கோடு நடுங்குகிறது என்பதற்காகக் களத்திலேயே மென்மையாக்கும் வசதியைப் போட்டுவிடாதீர்கள். மென்மையாக்கிய கோடு அழகாக இருக்கும்; மெல்லிய அடுக்குகள் அதற்குள் கரைந்துபோயிருக்கும். மூல எண்ணிக்கையைச் சேமித்தால் எப்போது வேண்டுமானாலும் மென்மையாக்கலாம். திருப்பி எடுக்க வழி கிடையாது.

ஓட்டம் முடிந்ததும் ஏற்ற இறக்கம் நிறைந்த ஒரு 20 அல்லது 30 மீட்டர் பகுதியைத் தேர்ந்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வந்த முகடு பாறையுடையது, ஒன்றில் மட்டும் வந்தது தற்செயல். என்னிடம் வரும் பதிவுகளில் நான் முதலில் தேடுவது இந்த மறு ஓட்டத்தைத்தான். அது இல்லையென்றால் அரை மீட்டருக்குக் குறைவான எந்த அடுக்கைப் பற்றியும் நான் கருத்துச் சொல்வதில்லை.

பாறை மாறாமலே கோடு மாறும் இடங்கள்

நன்றாகப் படித்தவர்களே தடுமாறும் இடம் இது. ஒருமுறை ஒரு நீரியல் அறிக்கையை மதிப்பிடக் கொடுத்தார்கள். 36 மீட்டருக்கு மேலே முழுவதும் காமா தாழ்ந்தும், கீழே முழுவதும் உயர்ந்தும் இருந்தது. மேலே மணல், கீழே களிப்பாறை என்று எழுதியிருந்தார்கள். துளை போட்டவரின் குறிப்பைப் பார்த்தேன்: 36 மீட்டர் வரை எஃகுக் கேசிங். அந்த எல்லைக்கு மேலேயும் கீழேயும் கோட்டின் மேடு பள்ளங்களின் தன்மை ஒன்றாகவே இருந்தது. மேல்பாதி முழுவதும் ஒரே விகிதத்தில் அமுங்கியிருந்தது. எஃகு கதிரில் ஒரு பங்கை விழுங்கியிருந்தது, பாறை மாறவில்லை. எல்லை கத்தியால் வெட்டியது போல நேராக இருந்ததும் ஓர் அடையாளம். இயற்கை அடுக்கின் எல்லையைக்கூடக் கருவி சற்றுச் சாய்வாகத்தான் காட்டும், ஆனால் அதற்குப் பிறகு மேடு பள்ளங்களின் பாணியே மாறிவிடும்.

இப்படிக் கோட்டைத் தள்ளிவைக்கும் வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் மட்டத்தில் ஒரு படி தெரியும்: காற்று கதிரை ஏறக்குறைய தடுப்பதே இல்லை, தண்ணீர் தடுக்கிறது. ஆகவே மட்டத்துக்குக் கீழே எண்ணிக்கை குறையும். துளை இடிந்து அகன்ற இடத்தில் புரோப்புக்கும் பாறைக்கும் இடையே தண்ணீர் கூடுவதால் காமா தாழும். மென்மையான களி இடிந்து அகன்றிருந்தால் அது மணலைப் போலத் தெரியக்கூடும். இதற்குத் துளையின் விட்டத்தை அளக்கும் பதிவு ஒன்று கூடவே இருப்பது நல்லது. பிளாஸ்டிக் குழாயின் பாதிப்பு குறைவு. ஆனால் குழாய்க்கு வெளியே அடைப்புக்காகப் போட்ட பெண்டோனைட் ஒரு களிமண் என்பதால் காமா தருகிறது. குழாய் இறக்கிய கண்காணிப்புக் கிணற்றில் திடீரென ஒரு "களி அடுக்கு" தோன்றினால், அடைப்பு போட்ட ஆழத்தோடு ஒப்பிடுங்கள். அடைப்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே தன்மை பயன்படுகிறது. துளையிடும் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தால் கோடு முழுவதுமே உயர்ந்துவிடும்.

கிரானைட் போன்ற பாறைகளில் ரேடான் வாயுவையும் நினைவில் வையுங்கள். பம்ப் வைத்து இறைத்த உடனே பதிவு எடுத்தால், வெடிப்புகளிலிருந்து வந்த நீரோடு ரேடானும் அதன் வழித்தோன்றல்களும் துளைக்குள் சேர்ந்திருக்கும். புரோப்பின் மேலும் அவை ஒட்டும். ஈயம்-214இன் அரைவாழ்நாள் ஏறக்குறைய 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். ஆகவே வெளியே எடுத்த புரோப் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். துளை நீரில் கரைந்திருக்கும் ரேடானுக்கோ அரைவாழ்நாள் 3.8 நாள். இறைப்பதற்கு முன்பே பதிவு எடுத்துவிடுவது எளிய வழி.

அளவுக்கு ஓர் அடிப்படை

உங்கள் கருவி 40 என்கிறது, இன்னொருவர் கருவி அதே களியில் 110 என்கிறது. இரண்டும் சரியே; படிகத்தின் அளவு வேறு. எண்ணெய்த் துறை இதற்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1959இல் ஓர் அளவுத்திருத்தக் குழி அமைத்தது. கதிரியக்கம் மிகுந்த கான்கிரீட்டுக்கும் குறைந்த கான்கிரீட்டுக்கும் இடையே ஒரு கருவி காட்டும் வித்தியாசத்தை 200 ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) அலகு என்று வரையறுத்தார்கள். மிகுந்த கான்கிரீட்டில் சுமார் 4 சதவீதம் பொட்டாசியமும், பத்து லட்சத்தில் 13 பங்கு யுரேனியமும், 24 பங்கு தோரியமும் இருந்தன. அந்த அலகில் தோராயமாக ஒரு சதவீதம் பொட்டாசியம் 16, பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியம் 8, ஒரு பங்கு தோரியம் 4 என்று கணக்கிடலாம். சிறிதளவு யுரேனியம் கோட்டை எவ்வளவு உயர்த்திவிடும் என்பது இதிலிருந்து புரியும்.

அளவுத்திருத்தக் குழி எல்லோருக்கும் எட்டாது. ஆனால் தினசரிச் சரிபார்ப்பு யாராலும் முடியும். பொட்டாசியம் குளோரைடில் எடையில் 52 சதவீதம் பொட்டாசியம். வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரமே போதும். அதை ஒரு குழல் உறையில் நிரப்பிப் படிகம் இருக்கும் இடத்தில் புரோப்பைச் சுற்றி மாட்டி, இரண்டு நிமிடம் எண்ணுங்கள். உறையில்லாமலும் இரண்டு நிமிடம் எண்ணுங்கள். வித்தியாசத்தை ஒவ்வொரு துளைக்கும் முன்பும் பின்பும் எழுதிவாருங்கள். அந்த எண் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் படிகத்தில் ஈரம் ஏறுகிறது அல்லது ஒளிமின்பெருக்கி தளர்கிறது என்று பொருள்.

கோட்டைப் படிப்பது

அடுக்கின் எல்லையை, கோடு தாழ்விலிருந்து உயர்வுக்குப் போகும் சரிவின் நடுப்புள்ளியில் குறியுங்கள். கருவிக்கு வரும் கதிரில் பெரும்பகுதி சுற்றிலும் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாறையிலிருந்தே வருகிறது. ஆகவே அரை மீட்டருக்கும் மெல்லிய களி தன் முழு உயரத்தை எட்டாது. அதன் முகட்டைப் பார்த்துக் "களி கலந்த மணல்" என்று எழுதிவிடக் கூடாது. மெல்லிய சுத்தமான களியாகவும் இருக்கலாம்.

களியின் பங்கைக் கணக்கிட, அதே துளையில் மிகச் சுத்தமான மணலையும் மிகத் தடித்த களியையும் தேர்ந்துகொள்ளுங்கள். மணல் 12, களி 44, நீங்கள் பார்க்கும் அடுக்கு 28 என்றால் (28 − 12) ÷ (44 − 12) = 0.5. நேர்க்கோட்டுக் கணக்கில் 50 சதவீதம் களி. இது பெரும்பாலும் மிகையான மதிப்பு. லாரியோனோவ் என்ற ஆய்வாளர் தந்த திருத்தத்தின்படி இளைய, இறுகாத படிவுகளில் இதே 0.5க்குக் களியின் பங்கு 22 சதவீதம், பழைய இறுகிய பாறைகளில் 33 சதவீதம். ஒரே எண்ணிலிருந்து மூன்று விடைகள் வருவதால், எந்தக் கணக்கைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாத களிச் சதவீதத்துக்கு மதிப்பில்லை.

கோட்டின் வடிவமும் பேசும். அடியில் தாழ்ந்து மேலே போகப்போகக் காமா உயர்ந்தால் மணல் மேல்நோக்கி நுண்மையாகிறது. ஆற்றுக் கால்வாய் நிரம்பிய விதம் பெரும்பாலும் அப்படி. மேலே போகப்போகத் தாழ்ந்தால் மணல் மேல்நோக்கிப் பருமனாகிறது. கழிமுகம் கடலுக்குள் முன்னேறிய இடங்களில் இதைக் காணலாம். பக்கத்துத் துளைகளின் கோடுகளை அருகருகே ஒட்டி ஒரே வடிவத்தைத் தேடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. தனித்தனி எண்கள் சொல்லாத தொடர்ச்சியை வடிவங்கள் சொல்லிவிடுகின்றன.

இனி விதி உடையும் இடங்கள். ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் மிகுந்த மணல் களியைப் போல உயர்ந்து தெரியும், ஆனால் தண்ணீரைத் தாராளமாகக் கொடுக்கும். களி என்று நினைத்து அதை அடைத்துவிட்டால் நல்ல நீர்த்தாங்கியை இழக்கிறோம். மோனசைட் கலந்த கடற்கரை மணல் தோரியத்தால் களியையும் தாண்டி உயரும். பொட்டாசியம் உள்ள கிளாக்கோனைட் என்ற கனிமம் கலந்த மணலும் உயர்ந்து தெரியும். மறுபக்கம் கயோலினைட் களியில் பொட்டாசியம் குறைவு, ஆகவே எதிர்பார்த்ததைவிடத் தாழும். நிலக்கரி பெரும்பாலும் மிகத் தாழ்ந்து தெரியும். சுத்தமான மணற்கல்லிலிருந்து அதைப் பிரிக்கக் காமா மட்டும் போதாது, அடர்த்திப் பதிவு வேண்டும். உப்புப் பாறை மிகத் தாழ்வு, ஆனால் அதே படுகையில் பொட்டாஷ் உப்பு வந்தால் கோடு எகிறும். கரிமப் பொருள் மிகுந்த கருங்களிப்பாறை யுரேனியத்தைச் சேர்த்துவைப்பதால் மிக உயரத்துக்குப் போகும். கடினப் பாறைப் பகுதியில் கிரானைட் உயர்வு, பசால்ட் தாழ்வு. கிரானைட்டுக்குள் டோலரைட் என்ற கரும்பாறைச் செருகல் வந்தால் கோடு சட்டென்று விழுந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று எழும். இவ்வளவு தெளிவான அடையாளம் வேறெந்தப் பதிவிலும் எளிதில் கிடைக்காது. வெடிப்புகளில் யுரேனியமோ ரேடியமோ படிந்திருந்தால் கூர்மையான சிறு முகடுகள் வரும்.

ஆகவே துண்டு மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள். காமா எல்லையைத் தருகிறது, மாதிரி பெயரைத் தருகிறது. 28 என்ற எண்ணுக்குரிய பாறை களி கலந்த மணலா, ஃபெல்ஸ்பார் மணலா என்று ஒரு கைப்பிடித் துண்டைக் கழுவி உருப்பெருக்கி வில்லையால் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிறமாலைப் பதிவு எப்போது

மொத்தக் காமா குழப்பும் இடங்களில் மூன்று தனிமங்களையும் பிரித்து அளக்கும் நிறமாலைக் கருவி உதவுகிறது. பொட்டாசியத்துக்கு 1.46, யுரேனியத் தொடருக்கு 1.76, தோரியத் தொடருக்கு 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று மூன்று சாளரங்களில், அதாவது ஆற்றல் வரம்புகளில், எண்ணுகிறது. தோரியத்தின் உயர்ஆற்றல் கதிர்கள் சிதறி மற்ற இரண்டு சாளரங்களுக்குள்ளும் விழுவதால் அதைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சாளரத்திலும் எண்ணிக்கை குறைவு என்பதால் மிக மெதுவாக ஓட்ட வேண்டும், பெரிய படிகம் வேண்டும். தேவையான பகுதியில் மட்டும் ஓட்டுங்கள்.

யுரேனியம் தேடுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கருவி காண்பது பிஸ்மத்-214ஐ. அது ரேடியம்-226க்குப் பிறகு வருவது; ரேடியத்தின் அரைவாழ்நாளே 1,600 ஆண்டு. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்து எடுத்துப்போய், ரேடியம் அங்கேயே தங்கிவிட்டால் காமா உயர்வாக இருக்கும், தாதுவோ இருக்காது. புதிதாகப் படிந்த யுரேனியத்தில் வழித்தோன்றல்கள் இன்னும் உருவாகாததால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆகவே காமாவிலிருந்து கணக்கிட்ட யுரேனிய அளவைச் சமமதிப்பு யுரேனியம் என்றுதான் எழுத வேண்டும். துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த உள்ளக மாதிரியை வேதியியல் முறையில் சோதிக்காமல் தாதுவின் தரம் என்று எழுதக் கூடாது. வளமான தாதுவுக்கு எதிரே துடிப்புகள் ஒன்றையொன்று நெருக்குவதால் கருவி சிலவற்றைத் தவறவிடும். அந்த இழப்புக்கான திருத்தத்தையும் போட வேண்டும்.

கோப்பைச் சேமிக்கும்போது எண்ணெய், நீர், கனிமத் துறைகள் எல்லாம் படிக்கக்கூடிய லாஸ் (LAS) கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். தலைப்பில் துளையின் விட்டம், கேசிங்கின் வகையும் அடிமட்டமும், நீர்மட்டம், துளைக்குள் இருந்த திரவம், ஆழத்தின் தொடக்கப்புள்ளி, ஏற்றிய வேகம், பதிவு இடைவெளி, படிகத்தின் அளவு, உறைச் சோதனையின் இரண்டு எண்கள், திரும்பி வந்தபோது காட்டிய பூஜ்ய வித்தியாசம் ஆகியவற்றை எழுதுங்கள். மூல எண்ணிக்கையும், மறு ஓட்டமும், இறங்கும்போது எடுத்ததும் தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும்.